ஐந்தாம் பலகை

உட்காருங்கள் அம்மா. போல்ட் முறுக்கும் ஆலன் கீ தானே கேட்டீர்கள்? தருகிறேன். எதிர்வீட்டுக்குக் குடிவந்து நான்கு நாள் ஆகிறது. முதன்முதலாகக் கேட்கும் பொருளை இல்லையென்பேனா? ஆனால் அதை உங்கள் கையில் கொடுப்பதற்கு முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திகள் சில உண்டு. அவற்றை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசை முக்கியம்.

முதற்செய்தி என்னைப் பற்றியது. என் பெயர் மங்கையர்க்கரசி. பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்தேன். இலக்கணம் என் பாடம். ஓய்வு பெற்றபின்னும் பால்காரர் எழுதிவைக்கும் சீட்டைத் திருத்தித்தான் திருப்பிக் கொடுப்பேன். அவர் இப்போது சீட்டு எழுதுவதில்லை. வாயால் சொல்லிவிட்டுப் போகிறார். இதைக் குறையாகச் சொல்லவில்லை, செய்தியாகச் சொல்கிறேன்.

இரண்டாவது, சௌந்தரம். உங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டாளே, அவள்தான். என் கணவரின் தங்கை. கணவரை இழந்து, பத்து வயது மகள் கயல்விழியோடு பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் இந்த வீட்டுக்கு வந்தாள். கயல்விழியைப் படிக்கவைத்து மணமுடித்தும் கொடுத்தோம். அவள் கணவரோடு சவூதியில் உள்ள தம்மாமுக்குப் போனாள். பிறகு என் கணவரும் காலமானார். ஆறு ஆண்டுகளாக இந்த வீட்டில் நாங்கள் இருவர்தாம். சௌந்தரத்துக்கு இங்கே ஒரு குறையும் வைத்ததில்லை. துண்டை மூன்றாக மடிக்காமல் நான்காக மடிப்பாள். சொல்லிச் சொல்லித் திருத்தினேன். மளிகைப் பட்டியலில் மஞ்சள்தூளுக்கு முன்னால் மிளகாய்த்தூளை எழுதுவாள், அதையும் திருத்தினேன். சிவப்பு மையில்தான். அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

மூன்றாவது, பச்சைப் பெட்டி. வந்த அன்று கொண்டுவந்த பச்சைப் பெட்டியில்தான் சௌந்தரம் தன் துணிமணிகளை வைத்திருந்தாள். பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. என் பீரோவின் இரண்டாம் தட்டில் பாதியை அவளுக்கென்று ஒதுக்கியிருந்தேன். அதில் என் பழைய நோட்டுகள் இருந்ததால் அவள் பயன்படுத்தவில்லை. அவளுக்குத் தேவைகள் குறைவு. அப்படித்தான் நான் எண்ணியிருந்தேன்.

நான்காவது செய்திதான் கதைக்குத் தொடக்கம். கயல்விழி தம்மாமை விட்டு ஊர் திரும்பி ஓசூரில் வீடு எடுத்தாள். கப்பலில் வந்த அவளுடைய சாமான்களில் ஒரு பெட்டியை மட்டும் இங்கே அனுப்பிவைத்தாள். அவள் தன் அம்மாவுக்கென்றே அங்கே வாங்கிய அலமாரி அது. அலமாரியென்றால் அலமாரியாக வரவில்லை; பலகை பலகையாக, அட்டைப்பெட்டிக்குள் அடுக்கி வந்தது. புதன்கிழமை காலை பெட்டி வந்து சேர்ந்தது. அன்று பகலே கயல்விழி போனில் அழைத்தாள். ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவோம். எங்களுக்குள் மறைவு கிடையாது.

"அம்மா, நல்லாக் கேட்டுக்க. சனிக்கிழமை பத்து மணிக்கு நான் கார்ல வர்றேன். அலமாரி நின்னு, உன் துணியெல்லாம் அதுல இருந்தா நான் காப்பி குடிச்சிட்டுப் போயிடுவேன். கட்டிலுக்கு அடியில உன் துணியோட அந்தப் பச்சைப் பெட்டியைப் பார்த்தேன்னு வச்சுக்க, பெட்டியோட சேர்த்து உன்னையும் ஓசூருக்கு ஏத்திடுவேன். அத்தை, நீங்களும் கேட்டுக்குங்க."

"கேட்டேன். 'வச்சுக்க' என்பது தேவையில்லாத சொல்" என்றேன்.

சௌந்தரம் சிரிக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. அடுப்படிக்குப் போய்க் கூழ்வடகத்துக்கு மாவு கிளறத் தொடங்கினாள்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். அவள் போவதும் இருப்பதும் அவள் விருப்பம். மகள் அழைத்தால் தாய் போவது இயல்பு. எனக்கு அதில் கலக்கம் ஏதும் இல்லை. எடுத்த வேலை முறையாக முடியவேண்டும் என்பது ஒன்றுதான் என் எண்ணம். அதனால்தான் சௌந்தரம் வடகம் பிழிந்து முடிக்கட்டும் என்று காத்திராமல், நண்பகல் உணவையும் தள்ளிவைத்து, நானே பெட்டியைப் பிரித்தேன்.

பதினான்கு பலகைகள். ஏழு சிறு பைகளில் திருகாணி, கீல், மரக்குச்சி, போல்ட், இப்போது நீங்கள் கேட்ட ஆலன் கீ. ஒரு நோட்டில் கோடு போட்டு எல்லாவற்றையும் பதிவு செய்தேன். நான்காம் பையில் எட்டு நீண்ட போல்ட்டுகள் என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது, பிறகு காட்டுகிறேன். அதோடு ஒரு சிறு புத்தகம். அதில் படங்களும் இருந்தன, எழுத்தும் இருந்தது. எழுத்து முழுவதும் அரபு.

"கீழ ஜமீலாக்கா இருக்காங்களே அண்ணி, கூப்பிடட்டுமா?" என்று கேட்டாள் சௌந்தரம். இரண்டாம் தளத்து ஜமீலா பீவி பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பவர், நல்லவர்.

"ஒரு நூலுக்குப் பொருள் கேட்டு நான் இன்னொருவர் வீட்டுப் படி இறங்கியதில்லை" என்றேன். "எம்மொழியானாலும் எழுதியவனுக்கு ஒரு முறை இருக்கும். அதைக் கண்டுபிடித்தால் போதும்."

கண்டுபிடித்தேன். முதற்பக்கத்தைத் திறந்தால் அலமாரி முழுமையாக நிற்கிறது. ஒரு பெண் அதில் துணி அடுக்குகிறாள். அடுத்த பக்கத்தில் கதவு மாட்டும் படம். அதற்கடுத்து இழுப்பறை. பின்னால் போகப் போகப் பலகைகள் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் தரையில் இரண்டு பலகை மட்டும் கிடக்கின்றன. முடிவை முன்னே நிறுத்திக் காரணங்களைப் பின்னே அடுக்கும் நடை என்று தெளிந்தேன். உரையாசிரியர்கள் பலர் அப்படி எழுதுவார்கள். பன்னிரண்டு பக்கங்களுக்கும் சிவப்பு மையில் எண் இட்டேன்.

பலகைகளிலும் எண் ஒட்டியிருந்தது. ஒன்று நம் ஒன்றைப்போலவே இருந்தது, ஒன்பதும் அப்படியே. மற்றவற்றை ஊகித்தேன். ஒரு பலகையில் மட்டும் சுழி இருந்தது. சுழியென்றால் இன்மை. எந்தத் தொகுதியிலும் சேராத, மிகுதியாக வந்த பலகை என்று முடிவு செய்து ஓரமாக வைத்தேன். அந்த நேரம் பால்கனியிலிருந்து சௌந்தரம், "தட்டு பத்தல அண்ணி" என்றாள். "இந்தப் பலகையில் துணி விரித்துப் பிழி. மிகுதிப் பலகைதான்" என்று நானே தூக்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். பொருள் வீணாகக் கூடாது பாருங்கள்.

வியாழக்கிழமை முழுவதும் கதவு. கைப்பிடி மாட்டினோம், கீல் மாட்டினோம், கதவுகளைப் பக்கப் பலகைகளில் மாட்டினோம். மாட்டினோம் என்றால், நான் நோட்டைப் பார்த்துச் சொன்னேன், சௌந்தரம் மாட்டினாள். மாலை நான்கு மணிக்கு இரண்டு பக்கப் பலகைகளும் கதவுகளோடு நின்றன. இடையில் ஒன்றும் இல்லை. வலக்கையில் ஒன்று, இடக்கையில் ஒன்று பிடித்துக்கொண்டு சௌந்தரம் கோயில் வாயிற்காவலர்போல் அரைமணி நேரம் நின்றாள்.

"அண்ணி, வாசல் வந்துடுச்சு. வீடு எப்ப வரும்?"

"வரும். பக்கம் ஆறில் இருக்கிறது."

"கை வலிக்குது அண்ணி."

"பக்கம் ஐந்தை முடித்துவிடுவோம்."

வெள்ளிக்கிழமை காலை ஒருவாறு மேற்பலகையையும் அடிப்பலகையையும் இணைத்து நிறுத்திவிட்டோம். நின்றது. நின்றதென்றால், ஓடுகிற ரயிலில் நிற்பவர்போல் நின்றது. காற்றில் கதவு அசைந்தால் அலமாரி முழுதும் ஒருபக்கம் சாய்ந்து, யோசித்து, மறுபக்கம் சாய்ந்தது. நீண்ட போல்ட்டுகளைப் போட்டால் இறுகும் என்று நான்காம் பையைத் தேடினேன். காணவில்லை. பாயைத் தூக்கிப் பார்த்தேன். அட்டையைக் கிழித்துப் பார்த்தேன். புதன்கிழமை என் கையால் எண்ணி என் கையால் எழுதியது, வெள்ளிக்கிழமை இல்லை.

சௌந்தரத்தை அழைத்தேன். உள்ளறையில் இருந்தாள். பச்சைப் பெட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்திருந்தது. ஊதாப் புடைவையை மடித்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தாள், நான்காகத்தான் மடித்திருந்தாள்.

"போல்ட் பையைப் பார்த்தாயா?"

"கிடைக்கலன்னா விட்டுடுங்க அண்ணி. எதுக்கு இவ்வளவு பாடு? பெட்டி இருக்கு. ஓசூர்ல இடமும் இருக்கு."

மடிப்பைத் திருத்தச் சொல்லவேண்டும் என்று வாயெடுத்தேன்.  வெயில் மிகுதியாக இருந்ததால் போய் முகம் கழுவினேன். இரண்டு முறை கழுவினேன். கண்ணாடியில் பார்த்தால் கண் சிவந்திருந்தது. அட்டைப்பெட்டியின் தூசி எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. பிறகு அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு இரண்டாம் தளத்துக்கு இறங்கினேன். பதினெட்டுப் படிகள்.

ஜமீலா பீவி கதவைத் திறந்ததும், "என்ன டீச்சர், நீங்களே வந்துட்டீங்க! சௌந்தரத்துக்கு உடம்புக்கு ஏதும்...?" என்று பதறினார்.

"உடம்புக்கு ஒன்றுமில்லை. இதைப் படித்துப் பொருள் சொல்லவேண்டும்."

புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். "வாசிக்க வரும் டீச்சர். அர்த்தம் கேட்காதீங்க. ஓதத்தான் படிச்சோம், அலமாரி மாட்டவா படிச்சோம்? அதுவும் இதுல எழுத்துக்கு மேல கீழ உச்சரிப்புக் குறி எதுவும் போடல. தட்டித் தடவித்தான் வாசிப்பேன்."

பொருள் தெரியாமல் நாற்பது ஆண்டுகளாக வாசிக்கிறார்! எனக்கு ஒரு கணம் மலைப்பு. ஆனால் உச்சரிப்பு என்ன உச்சரிப்பு! தொண்டையிலிருந்து பிறக்கவேண்டியது தொண்டையிலிருந்துதான் பிறந்தது. என் மாணவியரில் ஒருத்தியும் ழகரத்தை அப்படி மதித்ததில்லை.

அப்போது படிக்கட்டில் குழாய்ச் சாவியோடு செபாஸ்டின் வந்தார். நம் அடுக்ககத்தின் மோட்டார், மின்சாரம் எல்லாம் அவர் பொறுப்பு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். நின்று கேட்டார்.

"அக்கா, இன்னொரு தடவை வாசிங்க. 'வலது பக்கம்'னு வருது அதுல."

"உனக்கு அரபு தெரியுமா?" என்றார் ஜமீலா பீவி.

"தம்மாம்ல பதினோரு வருஷம் டிரெய்லர் ஓட்டினேன்க்கா. காதுல விழுந்தா பாதி புரியும். கண்ணுல பட்டா எல்லாம் கொக்கியாத் தெரியும்."

"எனக்கு அப்படியே நேர்மாறு!" என்றார் ஜமீலா பீவி. "ரெண்டு பேரையும் சேர்த்துத் தச்சா ஒரு ஆள் தேறும்."

இருவரையும் மேலே அழைத்துவந்தேன். சௌந்தரம் உள்ளறை வாசலில் வந்து நின்றாள். நான் என் நோட்டோடு நாற்காலியில் அமர்ந்து, "பக்கம் ஒன்றிலிருந்து தொடங்குங்கள்" என்றேன். ஜமீலா பீவி புத்தகத்தைத் திருப்பினார். பின்னட்டைப் பக்கமாகத் திறந்தார்.

"அது கடைசி" என்றேன்.

"இதுதான் டீச்சர் முதல். நாங்க வலப்பக்கத்திலேர்ந்துதான் வாசிப்போம். நீங்க சிவப்பு மையில ஒண்ணுன்னு போட்டிருக்கீங்களே, அதுதான் பன்னிரண்டு."

 அலமாரி ஒருபக்கம் சாய்ந்தது.

அவர் வாசித்தார், செபாஸ்டின் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "பலமா முறுக்காதேங்குது... மேல... கீழ... இது தெரியல, தாண்டுங்க... ரெண்டு ஆள். ரெண்டு ஆள் வேணும், தனியாச் செய்யாதேங்குது."

"நாங்கள் இருவர்தாமே செய்தோம்" என்றேன்.

செபாஸ்டின் கண்ணைத் திறந்து படத்தைக் காட்டினார். "ரெண்டு பேர் கையிலயும் பலகை இருக்கு பாருங்க டீச்சரம்மா. ஒருத்தர் கையில நோட்டு இருக்கற மாதிரி படம் போடல."

சௌந்தரம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். இருமல் என்று நினைக்கிறேன்.

"அஞ்சாம் பலகையை நடுவுல வச்சு ரெண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கணுமாம். அதுதான் இதுக்கு முதுகெலும்பு. அஞ்சாம் பலகை எங்க?"

நோட்டைப் பார்த்தேன். "ஐந்தாம் பலகை வரவே இல்லை. பதினான்கு பலகையில் ஒன்று சுழி."

"சுழியா?" ஜமீலா பீவி படத்திலிருந்த எண்ணில் விரல் வைத்தார். "இதுவா டீச்சர்? இது சைபர் இல்ல, அஞ்சு. சைபருக்கு ஒரு புள்ளி வைப்போம், அவ்வளவுதான். எங்க அந்தப் பலகை?"

மூவரும் என்னைப் பார்த்தார்கள். நான் பால்கனியைப் பார்த்தேன். செபாஸ்டின் எழுந்துபோய் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முதுகெலும்பு வடகத்துக்கு அடியில காயுது."

எண்ணிப் பார்த்தேன் அம்மா. பக்கம் தவறியது என்னால். பலகை தவறியது என்னால். முதல்நாளே ஜமீலா பீவியைக் கேட்கலாம் என்று சௌந்தரம் சொன்னாள்; மறுத்ததும் நான். வேறு யார்மேலும் ஏற்ற வழியில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் பிறருடைய பிழையைத்தான் வட்டமிட்டிருக்கிறேன். நோட்டை மூடினேன்.

"சௌந்தரம், பிழை என்னுடையது" என்றேன்.

"என்ன அண்ணி?"

"பிழை என்னுடையது."

"சரியாக் காதுல விழல அண்ணி."

காது மந்தம் எப்போது தொடங்கியதோ என்று வருந்தி, எழுந்து அவளருகே போய்த் தெளிவாகச் சொன்னேன். "பிழை என்னுடையது. எல்லாம் என்னுடையது. பெட்டியை உள்ளே தள்ளு, சௌந்தரம். நீ போனால் இந்த வீட்டில் நான் யாரோடு பேசுவேன்?"

கடைசிச் சொற்றொடரை நான் சொல்லத் திட்டமிட்டிருக்கவில்லை. வாக்கியம் முடிந்த வேகத்தில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஜமீலா பீவி தரையைப் பார்த்தார். செபாஸ்டின் குழாய்ச் சாவியைத் துடைத்தார்.

சௌந்தரம் அடுப்படிக்குப் போனாள். டப்பா திறக்கும் ஓசை கேட்டது. திரும்பி வந்தாள். கையில் நான்காம் பை.

"உளுந்து டப்பாவுல இருந்தது அண்ணி."

எட்டு போல்ட்டுகளும் இருந்தன. பையில் கொஞ்சம் உளுத்தம்மாவும் ஒட்டியிருந்தது. கூடத்தில் இருந்த பை, இறுக மூடிய டப்பாவுக்குள் எப்படிப் போயிற்று என்பதை நான் ஆராயவில்லை. பெட்டி பிரித்த பரபரப்பில் தவறி விழுந்திருக்கும். இலக்கணத்திலேயே வழுவமைதி என்று ஒன்று உண்டு. வழுவென்று தெரிந்தும் ஏற்றுக்கொள்வது. ஜமீலா பீவிக்கு மட்டும் ஏனோ சிரிப்பை அடக்க முடியவில்லை.

பிறகு எல்லாவற்றையும் கழற்றி வலப்பக்கத்திலிருந்து தொடங்கினோம். வடகத்தைப் புடைவைக்கு மாற்றினோம். ஜமீலா பீவி வாசிக்க, செபாஸ்டின் பொருள் சொல்ல, சௌந்தரம் முறுக்கினாள். நான் பலகையைப் பிடித்தேன். ஐந்தாம் பலகையை நடுவில் வைத்து எட்டாவது போல்ட்டை இறுக்கியபோது மாலை ஐந்து நாற்பது. கையால் தள்ளிப் பார்த்தோம். அசையவில்லை. கை வலிக்கத்தான் செய்தது; யாரிடமும் சொல்லவில்லை.

அவ்வளவுதான் கதை. அதற்குப்பின் உறுதியான செய்திகளையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நிறைவிராது.

ஒன்று: சனிக்கிழமை பத்து ஐந்துக்குக் கயல்விழி வந்தாள். வந்ததும் கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். பச்சைப் பெட்டி அங்கேயே இருந்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்; தூசிதான். அவள் பெட்டியை வெளியே இழுத்தாள். வெறும் பெட்டி. "பெட்டியை மட்டும் ஏத்திக்கிட்டுப் போறேன் அத்தை. இனி இந்த வீட்டுல இது வேணாம்" என்று சொல்லிக் காரில் வைத்துக்கொண்டாள். காப்பி குடித்துவிட்டுத்தான் போனாள்.

இரண்டு: மறுவாரம் சௌந்தரத்தைக் காது மருத்துவரிடம் அழைத்துப் போனேன். இரண்டு காதுகளும் பழுதின்றி இருப்பதாகவும், தெருவில் ஊசி விழுந்தால்கூடக் கேட்கும் என்றும் அவர் சொன்னார். அப்படியானால் அன்று ஏன் இருமுறை கேட்கவில்லை என்பது இன்றுவரை விளங்கவில்லை.

மூன்று: ஐந்தாம் பலகையில் வடகத்தின் வட்டங்கள் பதினாறு, ஈரம் ஊறிப் பதிந்துவிட்டன, போகவில்லை. மேலே தாள் விரிக்கலாமே என்றேன். இருக்கட்டும் அண்ணி என்றாள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான்கு: ஜமீலா பீவி வியாழன்தோறும் மாலையில் வருகிறார். செபாஸ்டினும் மோட்டார் போட்டுவிட்டு வந்து உட்காருகிறார். சாமான் பெட்டியில் வரும் அரபுத் தாள், மருந்துத் தாள் என்று எதையாவது அவர் வாசிக்க, இவர் பொருள் சொல்ல, நான் தமிழில் எழுதிவைக்கிறேன். இருபத்து மூன்று தாள் ஆயிற்று. நீங்கள் மாட்டப்போகும் சாமானின் பெட்டியில் உள்ளது சீன எழுத்து என்றால் எங்களால் ஆகாது. ஆனால் எந்தப் பக்கம் முதல் என்பதை மட்டும் யாரிடமாவது கேட்டுவிடுங்கள். தயங்காமல் கேளுங்கள்.

ஐந்து: துண்டு இந்த வீட்டில் இப்போது நான்காகவே மடிக்கப்படுகிறது. அலமாரித் தட்டில் அதுதான் பொருந்துகிறது, அளந்து பார்த்தேன்.

ஆறாவதும் கடைசியும்: நீங்கள் கேட்ட ஆலன் கீ என்னிடம் இல்லை. சௌந்தரத்தின் அலமாரியில், மூன்றாம் தட்டில், அவள் புடைவைகளுக்கு அடியில் இருக்கிறது. அவள் மாடியில் துணி எடுக்கப் போயிருக்கிறாள். அலமாரி பூட்டியில்லை, எட்டி எடுக்க எனக்கு அரை நிமிடம் போதும். ஆனால் அது அவளுடையது. நான் திறப்பதில்லை.

கொஞ்சம் இருங்கள் அம்மா. அவள் வரட்டும், கேட்டு வாங்கித் தருகிறேன். அவளுக்கு ஒரே தடவையில் காது கேட்கவேண்டும், அவ்வளவுதான்.